காப்புக்கு முன் போன் சுத்தம்

நாளைக் காலைப் பூசை முடிந்ததும் சர்மிளா அண்ணி கோயில் படியில் நின்று, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எல்லோர் போனிலும் சுற்றுகிற அந்தப் படம் தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டும். அண்ணியால் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் படம் அவருடையதுதான். ஆனால் அது அசிங்கமான படம் இல்லை. இந்தத் தோட்டத்தில் அது அண்ணிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

சத்தியம் செய்யாவிட்டால் அவர்கள் வீட்டிலிருந்து கோயில் கமிட்டி இந்த வருடம் வரி வாங்காது. வரி வாங்காத வீட்டுக்குக் கரகம் வராது, திருநீறு வராது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. மாமியார் ராசம்மா பெரியம்மா அதற்கும் காத்திருக்கப் போவதில்லை. நாளை மதியத்துக்குள் முடிவு தெரியாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறம்பொடைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஆள் மூலம் சொல்லிவிட்டார். அண்ணியின் துணிப்பை இப்போதே வாசலில் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன்.

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு என்கிற பிரிவில் வருடா வருடம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன் தோட்டத்தைச் சுத்தம் செய்வோம். வரிசை வீடுகளான லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம், தண்ணீர் ஓடும் கானைத் தோண்டுவோம், மீன் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். இந்த வருடம் கமிட்டித் தலைவர் யோகேஸ்வரன் ஐயா அதோடு இன்னொன்றையும் சேர்த்தார். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வேனில் போனை வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறார்கள் என்று கண்ணாடியில் தினமும் பார்க்கிறவர். அதுவும் போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம் பேசியிருந்த ஒரு பெண்ணின் படம் போனில் பரவி, அந்தக் குடும்பமே கொழும்புக்குப் போய்விட்டது. அவர் கோபப்பட்டதில் தப்பில்லை. அதை நான் இப்போதும் சொல்வேன்.

கூட்டத்தில் அவர் மைக் இல்லாமலே பேசினார்.

"அந்தக் காலத்துல வீடியோ டெக்கு வந்துச்சி. அட்டன்லருந்து வாடகைக்கு எடுத்துட்டு வந்து சாமி படம் போடுவாங்க. பொம்பளைங்க, புள்ளைங்க தூங்கப் போனதுக்குப் பொறகு வேற படம் ஓடும். பெரியவங்க என்னா செஞ்சாங்க? டெக்கைத் தூக்கி ஆத்துல போட்டாங்க. பொறகு டவுன்ல போஸ்டர் ஒட்டுனாங்க. நாங்க தார் பூசுனோம். சீடி வந்துச்சி. இந்தா, இந்த மரத்தடியிலதான் குவிச்சிக் கொளுத்துனோம். இப்ப எல்லாம் போனுக்குள்ள வந்திருச்சி. இத எங்க போயி கொளுத்துறது?"

"என்னோடத கொளுத்துங்க தலைவரே, புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, காப்புக்கு முன்னால் எல்லா வீட்டுப் போனும் சுத்தமாக வேண்டும், பார்க்கும் வேலை வாலிபர் சங்கத்துக்கு என்றார்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் அப்பா வீரய்யா கமிட்டியில் இருக்கிறார். "தார் பூசுனதுல நானும் ஒரு ஆளுடா" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "மிச்சத்தையும் சொல்லுங்க. ராத்திரியோட ராத்திரியா போயி அம்மன் படப் போஸ்டருக்குத் தார் பூசிட்டு வந்தாங்கடா ஒங்கப்பா. விடிஞ்சி பாத்தா பொம்பளைங்க எல்லாம் வாயில அடிச்சிக்கிட்டாங்க."

"இருட்டுல என்னா தெரியும்? பொம்பள படம்னு மட்டுந்தான் தெரிஞ்சிச்சி."

"அது போதுமே ஒங்களுக்கு."

நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் போன் பார்த்தோம். கொழுந்துக் கூடையில் போன்களைப் போட்டு, ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுக் காம்பரா நம்பரைப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டிக் கொண்டுவந்தார்கள். நானும் சுஜீவனும் ஒரு மேசையில் இருந்தோம். அவன் என்னோடு படித்தவன். எங்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரிந்தது. நேற்று வரை எங்களை 'வாடா போடா' என்ற ஆட்கள், "தம்பி, அது ஓப்பன் ஆகாது, பட்டன அமுக்கிப் பிடிங்க" என்று மரியாதையாகப் பேசினார்கள்.

"இந்தாளு போன் முழுக்க முட்டைகோஸ்டா" என்றான் சுஜீவன். "மரக்கறித் தோட்டத்த வளைச்சி வளைச்சி எடுத்திருக்கான். பொண்டாட்டி படம் ஒண்ணு கூட இல்ல."

"பொண்டாட்டி காய்க்காதேடா, அதான்."

அப்படித்தான் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. ராசம்மா பெரியம்மா வந்து ஒரு போனை எங்கள் மேசையில் வைத்தார். மருமகளின் போன். மகன் சுதாகரன் அண்ணன் கத்தாரில் டிரைவராக இருக்கிறார், அவர் அனுப்பிய போன் அது.

"எங்க வீட்டுல ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லப்பா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மருமக படுத்திருக்கா. நானே எடுத்துட்டு வந்துட்டேன். நல்லா பாருங்க."

அண்ணிக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆப்பரேசன் செய்துதான் எடுத்தார்கள். போனை எடுத்துக்கொண்டு போனதே அவருக்குத் தெரியாது.

நான் வாட்ஸப்பைத் திறந்தேன். தோட்டத்துப் பிரசவங்களைப் பார்க்கும் மிட்வைப் மிஸியோடு பேசியது மேலே இருந்தது. அதில் ஒரு படம். சேலையை இறக்கிவிட்டு எடுத்த அடிவயிறு. குறுக்கே தையல், ஒரு பக்கம் சிவந்து வீங்கி, சீழ் கட்டியிருந்தது. கீழே, 'மிஸி புண்ணு இதுதான், காய்ச்சலும் இருக்கு' என்று எழுதியிருந்தார். நான் எல்லாவற்றையும் வாசித்தேன். பார்க்கக் கூடாத இடத்தில் கண்ணை வைத்துவிட்டோம் என்று பட்டது. அடுத்த போனுக்குப் போகத்தான் இருந்தேன்.

அப்போது யோகேஸ்வரன் ஐயா மேசைக்கு வந்தார். "பாக்குறவன் போன யாரு பாக்குறது?" என்றார் சிரித்துக்கொண்டே. "நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. சுஜீவன், நீ கிஷாந்த் போனப் பாரு. கிஷாந்த், நீ அவனோடதப் பாரு."

சுஜீவன் கையை நீட்டினான். "கொண்டாடா."

என் போனில், மெமரி சிப்பில், பார்க்கக் கூடாத வீடியோ இரண்டு இருந்தன. வகுப்பில் ஒருவன் ஏற்றிக் கொடுத்தவை. அழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வைத்திருந்தேன். மண்டபத்தில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், எனக்குப் படிப்பித்த டீச்சர் இருந்தார். சுஜீவனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள். சுஜீவனின் கை இறங்கியது.

"என்னா இருக்கு?"

"அசிங்கமான படம்."

யோகேஸ்வரன் ஐயா நல்ல மனுசன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண்கள் படத்தை ஆம்பளைகள் கூட்டமாக நின்று பார்க்கக் கூடாது என்றார். "சாட்சிக்கு ஒன் போன்ல ஒண்ணு எடுத்து கமிட்டி குரூப்புக்கு மட்டும் அனுப்பு. பொறகு அங்கேயே அழிச்சிரு" என்றார். நான் படத்தை மட்டும் திரையில் பெரிதாக்கி, அண்ணியின் போனை இடது கையில் பிடித்து, வலது கையால் படம் எடுத்தேன். பிடித்திருந்த பெருவிரல் தையலை மறைத்துக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்தேன். விரலை நகர்த்தவில்லை. பிறகு அண்ணியின் போனில் அந்தப் படத்தையும், மிஸியோடு பேசியதையும் முழுவதும் அழித்தேன்.

என் போனை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சாட்சி அதில் இருந்தது.

பூசாரி சூடம் ஏற்றினார். "நீ கண்ணால பாத்தது அசிங்கமான படமா?" என்று கேட்டார்கள். ஆமா என்று சொல்லி, அடித்து அணைத்தேன். சுடவில்லை. சுட்டிருக்கலாம்.

கமிட்டி குரூப்புக்கு மட்டும் அனுப்பிய படம் அன்று பொழுதுபடும் முன் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. மறுநாள் பந்து விளையாடப் போன இடத்தில் பையன்கள் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது யாரோட வெரலுடா?" என்று ஒருவன் கேட்டான். பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற ஆம்பளைகள் கையில் இருந்தது. சுத்தம் செய்கிறோம் என்று ஆரம்பித்தோம். ஒரு போனில் இருந்த படம் இப்போது எல்லாப் போனிலும் இருந்தது. அதை எந்த மேசையிலும் வைத்து யாரும் பார்க்கவில்லை.

கமிட்டி அண்ணியிடம் விசாரிக்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றார். நிற்க முடியாமல் நின்றார்.

"அது தையல் தலைவரே. சீழ் வச்சிருந்திச்சி. மிஸிதான் வாட்ஸப்புல அனுப்பச் சொன்னாங்க. இந்த ரோட்டுல பஸ்ஸுல வந்தா தையல் விட்டுரும்னு சொன்னாங்க."

"எங்கம்மா தையலு? நீயே காட்டு" என்று ஐயா போனை நீட்டினார்.

அண்ணி பார்த்தார். அப்போதுதான் அந்தப் படத்தை அவர் அப்படிப் பார்க்கிறார். முகம் எப்படியோ ஆனது. "யாரோ வெரல வச்சி மறைச்சிருக்காங்க" என்றார் மெதுவாக. "மிஸிகிட்ட கேளுங்களேன்."

மிஸி சிங்களப் புது வருசத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "மிட்வைபு போட்டோ கேக்குதுன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றார் ஒருவர்.

"எம் மகன் சூடம் அடிச்சிச் சொல்லியிருக்கான்மா" என்றார் அப்பா. அதட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீயா தம்பி பாத்த?"

"ஆமா அண்ணி."

"தையல் இருந்திச்சா இல்லையா? சொல்லுடா."

"நான் சரியா பாக்கல அண்ணி."

மண்டபத்தில் சொன்னதாவது பயத்தில் வாயில் வந்தது. இதை நான் யோசித்துச் சொன்னேன். ராசம்மா பெரியம்மா உள்ளேயிருந்து, "நானே கொண்டு போயி குடுத்தேனே, நானே கொண்டு போயி குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மருமகளோடு அவர் பேசவில்லை. தனியாக உலை வைக்கிறார். தையல் கதை வேண்டாம், படம் தன்னுடையது இல்லை என்று சூடம் அடித்தால் போதும், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

நான் மெமரி சிப்பை உடைத்துப் போட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பொய்ச் சூடம் அடித்த கை அழுகிவிடும் என்று சொல்வார்கள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகிவிட்டால்கூடத் தேவலை என்று இருக்கிறது.

இன்றைக்குக் கடைசி பஸ்ஸில் அக்கா வந்தாள். அக்கா சுலக்ஷனா அட்டனில் புடவைக்கடையில் வேலை செய்கிறாள், திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கிறாள். எல்லோரும் படுத்த பிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள். நான் தூங்காமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாப்புடவே இல்லயாமே நீ. அம்மா சொன்னாங்க. சாமியாரா போகப் போறியா?"

"பசிக்கல."

"நாளைக்குத் தோட்டமே கூடுதாம்ல கோயில்ல? சர்மிளாவுக்கு ஏன்டா இந்த வேல? சுதாகரனுக்கு அனுப்பணும்னா அனுப்பிட்டு அழிக்கத் தெரியாதா? எங்க கடைக்கே அந்தப் படம் வந்திருச்சி. கூட வேல செய்ற பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு சிரிச்சாளுக."

"அது சுதாகரன் அண்ணனுக்கு அனுப்புனது இல்ல."

"அப்ப யாருக்கு?" குரல் மாறிவிட்டது. வேறு எதையோ நினைத்துவிட்டாள்.

"மிஸிக்கு. அது தையல் புண்ணுக்கா. ஆப்பரேசன் பண்ணுன எடம்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நான்தான் பாத்தேன். அந்த வெரலு என்னோடது."

அக்கா கிளாசைக் கீழே வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெமரி சிப்பையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அடுப்பைத்தான் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"தையல் நல்லா தெரிஞ்சிச்சா ஒனக்கு?"

"தெரிஞ்சிச்சி. எழுதியும் இருந்திச்சி."

அவள் அடுப்பில் இருந்த கொள்ளியை உள்ளே தள்ளினாள். பிறகு, "நானும் சிரிச்சேன்டா" என்றாள். "கடையில அவளுக சிரிக்கறப்ப நானும் சேந்து சிரிச்சேன். இது எங்க லயத்து ஆளுன்னு நான்தான் சொன்னேன். பேரையும் சொன்னேன்."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை, தாவணியால் மூக்கைத் துடைத்தாள்.

"காலையில சொல்லிருவியா?"

"அப்பா?"

"அடிப்பாரு."

"கமிட்டியிலருந்து அவரையும் தூக்கிருவாங்க."

"தூக்குவாங்க. சொல்லுவியா மாட்டியா?"

சொல்லுவேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கு என்னைத் தெரியும். காலையில் அப்பா வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். யோகேஸ்வரன் ஐயா தோளில் தட்டுவார். சூடம் எரியும். அண்ணி படியில் நிற்பார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, இதோ இப்போது, இதோ இப்போது என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். எல்லாம் முடிந்துவிடும். அன்று அண்ணி வீட்டு வாசலில் நின்றபோதும் அப்படித்தான் நின்றேன்.

"காலையில என்னால ஏலாதுக்கா" என்றேன். "இப்ப சொல்றேன்."

"இப்ப யாருகிட்ட?"

போனை எடுத்தேன். வாலிபர் சங்கத்தின் பெரிய குரூப்பைத் திறந்தேன். அதில் எங்கள் லயம் மட்டுமில்லை, மேல்கணக்கில் போன் வைத்திருக்கிற வீடெல்லாம் இருக்கிறது. எழுதினால் வேறு யாரோ எழுதிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அதனால் மைக்கை அழுத்திப் பிடித்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"நான் கிஷாந்த் பேசுறேன். வீரய்யா மகன். சர்மிளா அண்ணியோட படம் அசிங்கமான படம் இல்ல. ஆப்பரேசன் பண்ணுன தையல் புண்ணு. சீழ் இருந்திச்சி. மிஸிக்கு அனுப்புனது. நான் அத வாசிச்சேன். எனக்கு அப்பவே தெரியும். என் போன்லதான் கூடாத வீடியோ இருந்திச்சி, அத யாராச்சும் பாத்துருவாங்கன்னு பயந்து அண்ணி மேல போட்டேன். மறைச்சிருக்கிற வெரலு என்னோடது. சூடம் அடிச்சது பொய். நாளைக்கு அண்ணிய நிக்க வைக்காதீங்க. நான் நிக்கிறேன்."

விரலை எடுத்தேன். போய்விட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கேட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு பெயராக வந்தது. யாரோ கேட்கிறார்கள். இன்னும் யாரோ. கொஞ்சத்தில் குரூப் அட்மினான யோகேஸ்வரன் ஐயா அதை அழித்துவிட்டார். என் குரல் இருந்த இடத்தில் நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் இருந்தது. அடுத்த வரியில் என்னையும் நீக்கியிருந்தார்.

"அழிச்சிட்டாருக்கா."

"அவரு அழிச்சா?" என்றாள் அக்கா. அதற்குள் அவள் அதைத் தன் போனில் இறக்கி வைத்திருந்தாள். சர்மிளா அண்ணிக்கும், லயத்தில் நம்பர் இருந்த எல்லோருக்கும் அனுப்பினாள். பிறகு கடைப் பிள்ளைகளுக்கும் அனுப்பினாள். அவர்களுக்கு அனுப்பும்போது கீழே, 'நானும் சிரிச்சேன், எனக்கு வெக்கமா இருக்கு' என்று எழுதினாள்.

எங்கள் லயத்தில் காம்பராச் சுவர்கள் கூரைவரை போகாது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் எல்லாமே கேட்கும். முதலில் பக்கத்து வீட்டிலிருந்து என் குரல் வந்தது. மெல்லியதாக, சின்னப் பிள்ளை பேசுகிற மாதிரி இருந்தது. பாதியில் நின்று, திரும்ப ஆரம்பித்தது. அது முடியும் முன் அதற்கடுத்த காம்பராவில் ஆரம்பித்தது. "என் போன்லதான் கூடாத வீடியோ இருந்திச்சி" என்று நானே எனக்குக் கேட்டேன். யாரோ "அடப் பாவி" என்றார்கள். பிறகு தூரத்தில், லயத்தின் கடைசியில், லைட் போட்ட சத்தம், பிள்ளை அழுகிற சத்தம். அதோடு என் குரல். முடிந்தது.

அந்தக் காம்பராவில் யாரோ எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவ போடும்மா" என்றார் ராசம்மா பெரியம்மா. அத்தனை நாளுக்குப் பிறகு மருமகளோடு பேசியது அதுதான்.

அண்ணி போட்டார்.

உள்ளறையில் அப்பாவின் கட்டில் முனகியது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய போனிலும் அது ஓட ஆரம்பித்தது, முதலிலிருந்து: "நான் கிஷாந்த் பேசுறேன். வீரய்யா மகன்." அவர் அதை நிறுத்தவில்லை, முழுவதும் கேட்டார். அக்கா என் கையை விடவில்லை. நான் எழுந்து நின்றேன், அவர் வரும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்று.